நாளைய நகரத்தின் கும்பல்கள்: மேசைப் போர் விளையாட்டும் மும்பைத் தமிழரின் திரைமரபும்



மேசைப் போர் விளையாட்டு என்பது, ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரமுள்ள சிற்றுருவங்களை, மேசைமேல் கட்டியெழுப்பிய நகரத்திலோ பாழ்நிலத்திலோ நிறுத்தி, அளவுநாடாவால் தூரம் அளந்து, பகடை உருட்டி, விதிநூலின்படி ஆடப்படும் ஆட்டமாகும். அந்த உருவங்களை ஆடுபவரே ஒட்டி, செதுக்கி, வண்ணம் தீட்டிக்கொள்வதால், அது பாதி ஆட்டமாகவும் பாதி கைவினையாகவும் இருக்கிறது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறுநூல், ஈய வீரர்களைக் கொண்டு வீட்டுத் தரையில் ஆடும் போருக்கு விதி வகுத்ததன் வழியாக, இந்தப் பொழுதுபோக்குக்குப் பொதுமக்களிடையே ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது. பெரும்படைகள் மோதும் ஆட்டங்கள் ஒருபுறம் வளர, ஏறத்தாழப் பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்கள் மோதும் ஆட்டங்கள் மறுபுறம் வளர்ந்தன. இவற்றில் ஒவ்வோர் உருவத்துக்கும் பெயர் உண்டு, காயம் உண்டு, முந்தைய ஆட்டத்தின் கடன் உண்டு. எதிர்கால நகரமொன்றின் தெருக்களைப் பங்கிட்டுக்கொண்டு மோதும் கும்பல்கள் இவ்வகை ஆட்டத்தின் விருப்பமான மாந்தர்களாக நெடுங்காலமாக இருந்து வருகின்றன.

இக்கும்பல்களை வடிவமைப்பவர்கள் உடையையும் ஆயுதத்தையும் நிறத்தையும் எங்கிருந்து பெறுகிறார்கள் என்பதும், தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வேரூன்றிய மும்பைத் தமிழர் வாழ்வும் அதைப் பேசிய திரைப்படங்களும் இத்துறைக்கு எதை அளிக்க முடியும் என்பதுமே இவ்வுரையின் பொருள். கும்பலின் வடிவம் அது செய்யும் தொழிலிலிருந்தும் அது வாழும் இடத்திலிருந்தும் பிறக்க வேண்டும். ஆயுதம் அதன் பின்னரே வர வேண்டும் என்பது இங்கே நிறுவப்படும் கருத்து.

முதலில் மேலைநாட்டு மரபைச் சுருக்கமாகக் காண்பது நலம். பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1995-இல் வெளியிட்டு, 2017-இல் புதுப்பித்த ‘நெக்ரோமுண்டா’ இவ்வகை ஆட்டங்களில் புகழ்பெற்றது. தேன்கூட்டைப் போல அடுக்கடுக்காக உயர்ந்த ஒரு மாநகரத்தில், உச்சியில் செல்வர் வாழ, நடுவில் ஆலைகள் இயங்க, எல்லாக் கழிவும் வந்து சேரும் அடிநகரில் கும்பல்கள் மோதுவதே அதன் களம். கோலியாத், எஷர், ஆர்லாக், வான் சார், காடர், டெலாக் என்ற ஆறு குலங்களின் கும்பல்களும் தோற்றத்தில் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. கோலியாத் ஆடவரின் பருத்த தோள்களும் கொண்டை முடியும், எஷர் பெண்களின் வண்ணக் கூந்தலும் எழுபதுகளின் பிற்பகுதியில் லண்டன் தெருக்களில் கிளம்பிய பங்க் இளைஞர்களையும், ‘மேட் மேக்ஸ் 2’ (1981) படத்தின் பாலைவனக் கொள்ளையரையும் நினைவூட்டுகின்றன. 1977-இல் தொடங்கிய ‘2000 ஏடி’ சித்திரக்கதை இதழின் ஜட்ஜ் டிரெட் உலவும் மெகாசிட்டி ஒன், இந்த அடுக்குமாநகரத்துக்கு நெருங்கிய உறவு.

இவற்றுள் வடிவமைப்பாளர் ஊன்றிப் பார்க்க வேண்டியது வால்டர் ஹில் இயக்கிய ‘தி வாரியர்ஸ்’ (1979). நியூயார்க் நகரின் கும்பல்கள் ஓரிரவில் சந்திக்கும் அப்படத்தில், ஒரு கும்பல் பேஸ்பால் சீருடையும் வண்ணம் பூசிய முகமுமாக வருகிறது. கதைநாயகர் கும்பல் வெற்றுடம்பின்மேல் அணிந்த கையில்லாத் தோல்சட்டையோடு வருகிறது. வசனம் எதுவும் கேட்காமலேயே யார் எவர் என்று பார்வையாளர் அறிந்துவிடுகிறார். ஜப்பானியர் கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’ (1988) அசைவூட்டப் படத்திலும் நாயகன் கனேடாவின் சிவப்புச் சட்டையும் அதன் முதுகில் வரைந்த மாத்திரைச் சின்னமும் சிவப்பு மோட்டார் சைக்கிளும் ஒரே நோக்கில் மனத்தில் பதிகின்றன. மேசைக்கு மேலே ஒரு முழ தூரத்திலிருந்து பார்க்கும்போது 28 மில்லிமீட்டர் உருவத்தின் முகம் தெரியாது. அதன் வெளிவரை, அதாவது நிழலாக விழும்போது தோன்றும் உருவ எல்லை, மட்டுமே தெரியும். ஆகவே தலையணி, தோளில் சுமப்பது, கையில் ஏந்துவது ஆகிய மூன்றும் அடையாளத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் நெக்ரோமுண்டாவின் ஆழம் உடையலங்காரத்தோடு முடிவதில்லை. 1995-ஆம் ஆண்டு விதிநூலில் ஒவ்வொரு கும்பலுக்கும் சில நிலப்பகுதிகள் உரிமையாகின்றன; சுரங்கம், கசடுமேடு, தண்ணீர் வடிக்கும் நிலையம், சாராயக்கடை போன்றவற்றில் ஆட்கள் வேலை செய்து வருமானம் ஈட்ட, அந்த வருமானமே அடுத்த துப்பாக்கியையும் அடுத்த ஆளையும் வாங்கித் தருகிறது. கோலியாத் உலைக்கூடத் தொழிலாளர் குலம். காடர் குலத்தார் மாநகரத்தின் குப்பையைக் கிளறி மீட்பவர்கள். கற்பனையின் அடித்தளத்தில் உழைப்பு இருப்பதனாலேயே அந்த ஆட்டம் முப்பது ஆண்டுகளாக உயிர்ப்போடு இருக்கிறது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு மும்பைக்கு வந்தால், கற்பனை நகரத்துக்கு வேண்டிய கூறுகள் அனைத்தும் உண்மை நகரத்திலேயே செறிந்திருப்பதைக் காணலாம். மாகிமுக்கும் சயானுக்கும் இடையே, மித்தி ஆற்றங்கரைச் சதுப்பில் அமைந்த தாராவி முதலில் கோலி மீனவரின் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கே நிலைகொண்டபோது தமிழகத்திலிருந்து தோல் தொழிலாளர் வந்தனர். சௌராஷ்டிரத்துக் குயவர் கும்பார்வாடாவை அமைத்தனர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடும்பம் குடும்பமாக உழைப்பாளிகள் வந்து சேர்ந்தனர். 1887-இல் தொடங்கிய படி மசூதியும் 1913-இல் எழுந்த பிள்ளையார் கோயிலும் அக்குடியேற்றத்தின் முதுமைக்குச் சான்றுகள். பதின்மூன்றாம் காம்பவுண்டு எனப்படும் பகுதியில் மாநகரத்தின் பிளாஸ்டிக் கழிவு நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, அரைக்கப்பட்டு, மீண்டும் மூலப்பொருளாகிறது. நெக்ரோமுண்டாவின் நிலப்பகுதிப் பட்டியலை எழுதியவர்கள் கற்பனையில் தேடியது, தாராவியின் தொண்ணூறு அடிச் சாலைக்கும் அறுபது அடிச் சாலைக்கும் உட்பட்ட சந்துகளில் அன்றாட வாழ்வாக நடந்துகொண்டிருந்தது.

மும்பைத் தமிழரிடையே எழுந்த நிழலுலக மனிதர் இருவர் திரைக்குத் தோற்றம் தந்தவர்கள். இராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்து, மும்பைத் துறைமுகத்தில் சுமை தூக்கி, கடத்தல் தொழிலில் உயர்ந்த ஹாஜி மஸ்தான் வெள்ளை உடைக்கும் வெள்ளை மெர்சிடிஸ் காருக்கும் பேர்பெற்றவர். விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் கூலியாகத் தொடங்கி, கள்ளச்சாராயத் தொழிலின் வழியே தாராவியிலும் மாட்டுங்காவிலும் செல்வாக்குப் பெற்ற வரதராஜ முதலியார், மாட்டுங்கா ரயில் நிலையத்தருகே ஆண்டுதோறும் அமைத்த விநாயகர் சதுர்த்திப் பந்தலால் நினைக்கப்படுகிறார். இருவரும் சட்டத்துக்குப் புறம்பான தொழில் செய்தவர்கள் என்பதையும், அவர்களால் துன்புற்றோர் உண்டு என்பதையும் மறைக்கத் தேவையில்லை. வடிவமைப்பாளருக்கு இங்கே பயன்படும் செய்தி வேறு: இருவரும் சுமைதூக்கிகளாகத் தொடங்கியவர்கள், இருவரின் அதிகாரச் சின்னமும் கறையற்ற வெள்ளை உடை. கரியும் எண்ணெயும் படியும் தொழிலிலிருந்து ஏறி வந்தவனுக்கு, அழுக்குப்படாத வெள்ளையே வெற்றியின் சீருடையாகிறது.

மஸ்தானின் வாழ்க்கையைத் தழுவியது என்று பரவலாகச் சொல்லப்படும் ‘தீவார்’ (1975) படத்தில், துறைமுகத் தொழிலாளியாக வரும் அமிதாப் பச்சன் நீலச் சட்டையின் கீழ்முனையை இடுப்பில் முடிந்து, தோளில் கயிற்றைச் சுற்றி, 786 என்ற எண் பொறித்த பித்தளை வில்லையைக் கையில் கட்டியிருப்பார். தையற்காரர் சட்டையை அளவுக்கு மீறி நீளமாகத் தைத்துவிட்டதால் அதை முடிந்துகொள்ள நேர்ந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். முடிந்த சட்டை, கயிறு, வில்லை ஆகிய மூன்றே பொருள்கள் ஒரு தொழிலையும் ஒரு காலத்தையும் சொல்லிவிடுகின்றன. சிற்றுருவம் வடிப்பவர் பாடமாகக் கொள்ள வேண்டிய சிக்கனம் இது.

மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) வரதராஜ முதலியாரின் வாழ்க்கையிலிருந்து ஊக்கம் பெற்றது. தூத்துக்குடியிலிருந்து தப்பி வரும் சிறுவன் வேலுவைத் தாராவியில் வளர்ப்பவர் ஹுசேன் பாய். கும்பல் என்பது இங்கே ரத்த உறவாலோ மத உறவாலோ கட்டப்படாமல், ஒரே சந்தில் ஒரே தொழில் செய்யும் நெருக்கத்தால் கட்டப்படுகிறது. கடத்தல் பொருளை உப்பு மூட்டையோடு கட்டிக் கடலில் இறக்கிவிட, உப்பு கரைந்ததும் பொருள் மேலே மிதந்து வரும் உத்தி, தூத்துக்குடியின் உப்பளத்தையும் மும்பைக் கடலையும் ஒரு காட்சியில் இணைத்துவிடுகிறது. தோட்டா தரணி சென்னையில் எழுப்பிய தாராவி அரங்கும் பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவும் தேசிய விருது பெற்றன. ஒளி மேலிருந்து மட்டும் இறங்க, கண்குழிகள் இருண்டு நிற்கும் முகங்களை அப்படத்தில் காணலாம். உருவத்தின் மேற்பரப்புகளை வெளிறச் செய்து கீழ்ப்பரப்புகளை இருட்டாக விடும் சிற்றுருவ வண்ணமுறைக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைப்பது அரிது.

பா. ரஞ்சித்தின் ‘காலா’ (2018) இம்மரபைத் தலைகீழாகத் திருப்பியதனால் வடிவமைப்பு நோக்கில் இன்னும் வளமானது. தாராவியின் காவலனான காலா என்னும் கரிகாலன் கறுப்பு உடுத்த, நிலத்தைக் கைப்பற்ற வரும் ஹரி தாதாவின் உடையும் மாளிகையும் தூய வெள்ளையாக இருக்கின்றன. தூய்மை என்னும் சொல்லின் பேரில் மக்கள் வெளியேற்றப்படுவதை நிறத்தின் வழியே படம் விசாரிக்கிறது. மழை கொட்டும் மேம்பாலத்தில் சூழ்ந்துகொண்டவர்களைக் காலா எதிர்கொள்வது ஒரு குடையால். மும்பையின் பருவமழையில் ஒவ்வொரு கையிலும் இருக்கும் பொருள் அங்கே ஆயுதமாகிறது. இறுதிக் காட்சியில் கறுப்பும் சிவப்பும் நீலமும் பொடியாகப் பறந்து திரையை நிறைக்கும்போது, மூன்று அரசியல் நிறங்கள் ஒரு கூட்டத்தின் கொடியாகிவிடுகின்றன. அப்படத்தின் பாடல்களில் தாராவியின் ‘டோப்படெலிக்ஸ்’ ராப் குழுவும் மலேசியத் தமிழர் யோகி பி-யும் பங்கேற்றது தற்செயலானதன்று; தாராவியின் இளைய தலைமுறை தன் தெருவைத் தானே பாடத் தொடங்கிய காலம் அது. தொளதொளத்த சட்டை, பின்புறம் திருப்பிய தொப்பி, தரையில் சுழலும் நடனம் என்று அவர்கள் சமைத்துக்கொண்ட தோற்றம், கத்தியைத் தொடாமலேயே ஒரு குழுவுக்கு அடையாளம் தர முடியும் என்பதைக் காட்டுகிறது.

எதிர்காலம் என்ற கூறு செம்பூர்ப் பக்கம் காத்திருக்கிறது. ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ (1982) தொடங்கும்போது இருண்ட நகரத்தின் மேல் புகைபோக்கிகள் தீ கக்குகின்றன; வடகிழக்கு இங்கிலாந்தின் இரசாயன ஆலைகளைப் பார்த்த நினைவு அக்காட்சிக்குத் தூண்டுதல் என்பது இயக்குநரே கூறியது. செம்பூரை அடுத்த மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் சுடர், டிராம்பேயில் அணு ஆராய்ச்சி நிலையம், இடையே உர ஆலை, இவற்றுக்கு அருகிலேயே செட்டா நகரின் முருகன் கோயிலும் தமிழர் குடியிருப்புகளும் என்று அந்த நிலக்காட்சி இங்கேயே உள்ளது. அண்மையில் நாக் அஸ்வினின் ‘கல்கி 2898 ஏடி’ (2024), வறண்ட காசியின் மேலே செல்வர் வாழும் தலைகீழ்க் கூம்புநகரத்தை நிறுத்தியதோடு, கோயம்புத்தூர் ஜெயம் நிறுவனத்தின் பங்களிப்போடு உண்மையாகவே ஓடும் ‘புஜ்ஜி’ என்ற வாகனத்தையும் உருவாக்கியது. இந்திய நகரத்தின் எதிர்காலத்தை இந்தியக் கைகளே வடிவமைக்கும் என்பதற்கு அது சான்று.

இனி, இதுவரை கூறியவற்றைக் கொண்டு ஒரு கும்பலைக் கைக்கெட்டும் அளவில் அமைத்துப் பார்க்கலாம். அதற்குப் ‘பதின்மூன்றார்’ என்று பெயரிட்டால், கழிவைப் பொருளாக்கும் தொழில் அதன் வருமானம். குழாயடி அதன் உயிர்நிலை. எதிரி, மேலடுக்கில் அழுக்கே படாத வெண்ணிறக் காவலர். தலைவியாக நிற்கும் முதியவளுக்கு வெள்ளைச் சேலையும் எஃகுக் கம்பிக் குடையும் அளிக்கலாம். வெள்ளையை ஒரே பூச்சில் தீட்டாமல், வெளிர்சாம்பலின் மேல் நீர்த்த வெள்ளையை மெல்லிய பூச்சுகளாக ஏற்றி, கீழ்விளிம்பில் மட்டும் மண்பழுப்பை ஊறவிட்டால், மேலேறியும் தெருவை விட்டு நீங்காதவள் என்பது வண்ணத்திலேயே புலப்படும். அவளுக்கு அருகே, முதுகைவிடப் பெரிய சாக்குமூட்டை சுமக்கும் பிளாஸ்டிக் பிரிப்பவன், உடைந்த வாளித் துண்டுகளைக் கோத்த மார்க்கவசத்தோடு நிற்பான். தோல் சீவும் அகன்ற கத்தியோடு தோல் ஏப்ரன் அணிந்தவள் ஒருத்தி. சூளைத்தீயை எறியும் கும்பார்வாடாக் குயவன் ஒருவன். முதுகில் ஒலிபெருக்கி கட்டிய ராப் பாடகச் சிறுவன் ஒருவன். ஐவரும் ஐந்து மொழி பேசினாலும் ஒரே நீலத்துணிப் பட்டை அணிந்திருந்தால் போதும். மழைக்காலத்தில் தாராவிக் கூரைகளைப் போர்த்தும் தார்ப்பாயின் நீலம் அது.

இதற்கான பொருள்களும் தொலைவில் இல்லை. வெளிநாட்டுச் சிற்பிகள் பயன்படுத்தும் இருகூட்டுப் பிசினுக்கு மாற்றாக, குழாய் ஒழுக்கை அடைக்க வன்பொருள் கடையில் விற்கும் எம்-சீல் பசையின் இரு துண்டுகளையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, நனைத்த ஊசிமுனையால் அழுத்தினால், அது இறுகுவதற்குள் ஒரு முண்டாசின் மடிப்பை வடித்துவிடலாம். மெல்லிய அலுமினியத் தாளைப் பெரிய மரையாணியின் மேல் வைத்து விரலால் தேய்த்தால் நெளிதகரக் கூரை கிடைக்கும். மெல்லிழைத் தாளை நீர் கலந்த ஃபெவிகாலில் தோய்த்துப் போர்த்தி, உலர்ந்தபின் நீலம் தீட்டினால் தார்ப்பாய் ஆகிவிடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நவராத்திரிதோறும் கொலுப்படிக்கு முன்னே மணலும் பாசியும் கொண்டு பூங்காவும் குளமும் கிராமமும் அமைக்கும் குடும்பங்களுக்கு, சிறு அளவில் உலகம் சமைக்கும் இக்கலை புதிதன்று.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கை கட்டாயமாகிறது. தாராவியை வெளியிலிருந்து நோக்கிய படைப்புகள் பலமுறை வறுமையை அலங்காரமாக்கியிருக்கின்றன. ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ (2008) உலகப் புகழ் பெற்றபோது, குடிசைவாசியை நாயோடு சேர்த்த அதன் தலைப்பை எதிர்த்து மும்பையில் மக்கள் குரல் எழுப்பினர். ‘ஹிட்மேன் 2’ (2018) கணினி விளையாட்டின் மும்பைக் களமும் நெருக்கமான சந்துகளைக் கொலைக்கான மறைவிடமாகவே பயன்படுத்துகிறது. தாராவி குற்றத்தின் ஊர் அன்று. பல இலட்சம் பேர் நெருங்கி வாழ்ந்து, உழைத்து, பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஊர். அங்கே கும்பல் என்பது பெரும்பாலும் சங்கமாகவும், சீட்டுக்குழுவாகவும், பந்தல் குழுவாகவும், பாட்டுக் குழுவாகவும் இருந்திருக்கிறது. ஆகவே எதிர்காலத் தாராவியை மேசைமேல் அமைப்பவர் மூன்று நெறிகளைக் கொள்வது தகும். வாழும் மனிதர் எவரையும், எந்தச் சாதியையும் மதத்தையும் வில்லனாக்கும் குறியீடுகளைத் தவிர்க்க வேண்டும். அழுக்கைத் தீட்டுவதற்கு முன் அது எந்தத் தொழிலின் அழுக்கு என்று அறிந்திருக்க வேண்டும். வெற்றி என்பது எதிரியை வீழ்த்துவதோடு நில்லாமல், குழாயையும் சூளையையும் பள்ளியையும் காப்பதற்கும் புள்ளிகள் தரும்படி விதிகளை எழுத வேண்டும். மூன்றாவது நெறி ஆட்டத்தின் சுவையைக் குறைக்காது. இழக்கப் பொருளொன்று இருக்கும்போதுதான் ஒவ்வொரு பகடையும் கனக்கிறது.

நியூயார்க்கின் சுரங்கரயிலையும் லண்டனின் பங்க் இளைஞரையும் டோக்கியோவின் மோட்டார் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு பிறர் தங்கள் எதிர்கால நகரங்களைக் கட்டிவிட்டனர். குடையும் தார்ப்பாயும் உப்பு மூட்டையும் பித்தளை வில்லையும் இன்னும் மேசைக்கு வரவில்லை. மும்பையிலும் தமிழகத்திலும் இக்கலையில் ஈடுபடும் இளைஞர்கள் அயல்நாட்டுப் பெட்டியில் வரும் கும்பலை அப்படியே தீட்டி முடிப்பதோடு நின்றுவிடாமல், தாராவியின் பெரியவர்களிடம் அவர்கள் செய்த தொழிலையும் கையாண்ட கருவிகளையும் கேட்டறிந்து, அதிலிருந்து தங்கள் முதல் ஐந்து உருவங்களை உருவாக்க வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள்.